நாலாவது பெட்டி

நேற்று ராத்திரி பத்தேகாலுக்கு 60ஆவது குண்டைச் சுட்டு முடித்தேன். பக்கத்து அறையில் அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. காலையில் "நேத்து சுடலையாடா?" என்று கேட்டதும் எனக்கு வந்த சந்தோஷம், எந்த ஸ்கோருக்கும் வந்ததில்லை.

ஏர் பிஸ்டல் பழகுவதற்காக வீட்டுக்குள்ளேயே ஒரு பெல்லட் ட்ராப், அதாவது குண்டு பிடிக்கும் பெட்டி கட்டிய கதை இது. ஆறு மாதத்தில் கட்டிய நாலாவது பெட்டி. முந்தைய மூன்றில் இரண்டு பெட்டிகள் குண்டை நன்றாகவே நிறுத்தின. குண்டை நிறுத்துவது பெரிய வேலையே இல்லை என்பது சீக்கிரம் புரிந்துவிட்டது. நின்ற குண்டிலிருந்து கிளம்புகிற சத்தம், தெறிப்பு, ஈயத்தூள் இவற்றை நிறுத்தத்தான் இவ்வளவு காலம் ஆனது.

முதலில் துப்பாக்கியைப் பற்றி. 4.5 மி.மீ. ஏர் பிஸ்டல். ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு முறை நெம்பிக் காற்றை அழுத்த வேண்டிய வகை. தட்டைத் தலை பெல்லட் போடுகிறேன், ஒன்று 0.45 கிராம். வேகம் நொடிக்குச் சுமார் 140 மீட்டர். கணக்குப் போட்டால் நாலரை ஜூலுக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. கேட்க அற்பமாக இருக்கும். கண்ணில் பட்டால் கண் போய்விடும். ஆகவே இந்தப் பதிவில் எங்கெங்கெல்லாம் "சுட்டுப் பார்த்தேன்" என்று வருகிறதோ, அங்கெல்லாம் பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தேன் என்று வாசித்துக்கொள்ளுங்கள்.

இடம் அளந்ததிலேயே முதல் தப்பு. நடையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை டேப் பிடித்து, 10 மீட்டர் வருகிறது என்று துள்ளிக் குதித்தேன். விதிப்படி தூரத்தை அளக்க வேண்டியது காலடியில் இருக்கும் கோட்டிலிருந்து குறித்தாளின், அதாவது குறி பார்த்துச் சுடும் தாளின், முகம் வரை. கை நீட்டுவது கணக்கில் வராது. ஒழுங்காக அளந்தால், பெட்டி வைக்கும் இடம் போக மிஞ்சியது 9.2 மீட்டர். சுவரை இடிக்கவா முடியும்? குறித்தாளை 92 சதவீதமாகச் சுருக்கி அச்சிட்டுக்கொண்டேன். 59.5 மி.மீ. கறுப்பு வட்டம் 54.7 ஆனது, பத்து மதிப்பெண் தருகிற 11.5 மி.மீ. நடு வட்டம் 10.6 ஆனது. கண்ணுக்கு 10 மீட்டரில் தெரிகிற அதே அளவுதான். ஆனால் குண்டு சுருங்குவதில்லையே! கோட்டைத் தொட்டாலே மேல் எண் என்பதால், அதே 4.5 மி.மீ. ஓட்டை சின்னத் தாளில் கொஞ்சம் தாராளமாகத் தொடுகிறது. வீட்டில் எடுக்கும் ஸ்கோரைப் பார்த்து நான் மயங்குவதில்லை என்பதற்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

முதல் பெட்டி அட்டைப்பெட்டி. உள்ளே பழைய செய்தித்தாள்களை அடுக்கி, நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். 20 செ.மீ. கனம். யானையே மோதினாலும் தாங்கும் என்று நினைத்தேன். முதல் நூறு குண்டுக்கு அருமையாக இருந்தது, சத்தமும் குறைவு. இந்த விளையாட்டில் எல்லாக் குண்டும் ஓர் எலுமிச்சம்பழ அகலத்துக்குள் போய்ச் சேருகிறது என்பதை நான் யோசிக்கவில்லை. அதுதானே பயிற்சியின் நோக்கமே! ஒரே இடத்தில் அடி விழுந்து விழுந்து, காகிதம் மாவாகிக் குழியானது. குழிக்குள் பழைய குண்டின் மேல் புதுக் குண்டு மோதி ஈயம் ஈயத்தை உடைத்தது. 260 குண்டு வாக்கில் பின்னாலிருந்து 'சொத்' என்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் சுவரில் காசளவு பூச்சு பெயர்ந்து தரையில் கிடந்தது. கெட்டிச் சுவர், அதனால் பிழைத்தேன்.

அந்தப் பூச்சுக்கு இன்றைக்கும் ஒட்டுப் போடவில்லை. இருக்கட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

இரண்டாவது பெட்டிக்கு 3 மி.மீ. இரும்புத் தகடு, 30 செ.மீ. சதுரம். பழைய இரும்புக் கடையில் எடை போட்டு வாங்கினேன். செலவை நான் பெல்லட் டப்பா கணக்கில்தான் எழுதி வைப்பது வழக்கம். 500 குண்டு உள்ள ஒரு டப்பாவின் விலை ஓர் அலகு. தகடு, ஒரு டப்பா. பெட்டிக்கு 18 மி.மீ. ப்ளைவுட், இரண்டு டப்பா.

தகட்டை முதலில் நேராக நிறுத்தினேன். இதைச் செய்யாதீர்கள். குண்டு தகட்டில் பட்டதும் பொட்டு மாதிரித் தட்டையாகி, ஓரத்திலிருந்து ஈயச் சிதறல் நாலாபக்கமும் தகட்டோடு ஒட்டிப் பறக்கிறது. பெட்டியின் உள் பக்கச் சுவரில் ஒரு வளையமே பொறித்துவிட்டது. சில துண்டுகள் முன்னால் திரும்பி, குறித்தாளைப் பின்புறமிருந்து கிழித்தன. என் 8 எல்லாம் 9 ஆகத் தெரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பிறகு தகட்டின் மேல் ஓரம் ஷூட்டரின் பக்கமாகச் சாயும்படி 45 டிகிரியில் பொருத்தினேன். குண்டு பட்டுக் கீழே இறங்கி, தகரத் தட்டில் விழ வேண்டும். விழுந்தது. சாய்மானத்தால் ஆழம் கூடியதால் பெட்டியை இன்னொரு முறை கழற்றி மாட்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். தெறிப்பு அடங்கியது. ஆனால் சத்தம்! பித்தளைத் தாம்பாளத்தைச் சுத்தியலால் அடித்தது போல. மூன்றாம் குண்டுக்கே அம்மா வந்து நின்றார்.

"என்னடா, பாத்திரத்தப் போட்டு ஒடைக்கிறியா?"

"இல்லம்மா, குண்டு சத்தம்."

"அப்ப துப்பாக்கி சத்தம் எது?"

நியாயமான கேள்வி. துப்பாக்கி ஒரு கைதட்டல் அளவுக்குத்தான் சத்தம் போடும். தகடு அதை அமுக்கிவிட்டது. தகட்டின் பின்னால் ரப்பர் ஷீட் ஒட்டினேன், தட்டில் பழைய துண்டு விரித்தேன், போல்ட்டுகளுக்கு நடுவே வாஷர் போட்டேன். 'டங்' என்றது 'டக்' ஆனது. பகலில் மட்டும் சுடலாம் என்ற ஒப்பந்தத்தில் இரண்டு மாதம் ஓடியது.

அதை நிறுத்தியது சத்தம் அல்ல, தராசு. ஒரு டப்பா முழுக்கச் சுட்டுவிட்டுத் தட்டில் சேர்ந்த ஈயத்தைச் சமையல் தராசில் வைத்தேன் (அதற்குப் பிறகு அந்தத் தராசு சமையலறைக்குத் திரும்பவில்லை). 500 குண்டு, 225 கிராம் இருக்க வேண்டும். 198 தான் இருந்தது. மீதி 27 கிராம் எங்கே? கொஞ்சம் மரத்தில் பதிந்திருந்தது. பெட்டியின் முன்னால் ஒரு மீட்டர் தரையை ஈரமான வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். துணி சாம்பல் நிறத்தில் வந்தது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்த நடை அது. அன்றோடு அந்தப் பெட்டியை மூடினேன்.

ஈயத்தை வைத்து விளையாடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். முழுக் குண்டைக் கையில் எடுப்பதை விட, உடைந்த குண்டின் தூள்தான் உடம்புக்குள் சுலபமாகப் போகும். மூச்சில் போகும், கையிலிருந்து வாய்க்குப் போகும். குழந்தைகளுக்கு மிகக் குறைந்த அளவே மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, சாதாரண வேக்குவம் கிளீனரும் கூடாது, இரண்டுமே தூளைக் காற்றில் ஏற்றிவிடும். ஈரத்துணிதான். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவல், அதற்கு முன்னால் ஒரு வாய் தண்ணீர்கூட இல்லை. அந்த நடையில் தவழும் குழந்தை இருந்திருந்தால் நான் வீட்டில் சுடுவதையே விட்டிருப்பேன்.

குண்டு உடையக் கூடாது. அப்படியானால் மெத்தென்று நிற்க வேண்டும். அங்கிருந்து மூன்றாவது பெட்டி: குழந்தைகள் உருவம் பிடிக்கிற, காயாத எண்ணெய்க் களிமண். 5 செ.மீ. கனத்துக்கு அப்பினேன், ஏழு கிலோவுக்கு மேல் பிடித்தது. ஐந்து டப்பா செலவு, மொத்தக் கதையிலும் அதிகமான தண்டம். சத்தம்? ஒன்றுமே இல்லை. 'தப்' என்று சேற்றில் கல் விழுந்த மாதிரி. குண்டுகளும் உடையாமல் உள்ளேயே புதைந்தன. நான்கு நாள் நண்பர்களிடம் பெருமை பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

ஐந்தாம் நாள் வெயில் ஏறியது. மதியம் வந்து பார்த்தால், களிமண் பலகையை விட்டு நழுவி, அடியில் தொப்பை போட்டு உட்கார்ந்திருந்தது. மேல் பாதியில் இரண்டு விரல் கனம்கூட இல்லை. பலகையில் ஆணிகளை வரிசையாக அடித்துப் பிடிமானம் கொடுத்தேன். ஒரு குண்டு ஆணித் தலையில் பட்டு என் காலடி வரை திரும்பி வந்தது. கம்பி வலை வைத்தாலும் அதே கதைதான் ஆகும். குளிர் பிரதேசத்தில் இருப்பவர்களுக்கு இது சரிப்பட்டு வரலாம், ஆனாலும் சில நூறு குண்டுக்கு ஒரு முறை நடுவைத் தோண்டி ஈயத்தை எடுத்து மறுபடி பிசைய வேண்டியிருக்கும். ஈயம் கலந்த களிமண்ணைக் கையுறை போட்டுக்கொண்டு பிசைகிற வேலை எனக்குப் பிடிக்கவில்லை.

இனி நாலாவது.

ரப்பர் துண்டு நிரப்பிய பெட்டி. யோசனை புதிதல்ல, பலரும் செய்கிறார்கள். நான்தான் கடைசியாக வந்து சேர்ந்தேன். தகட்டில் மோதும் குண்டு தன் நீளத்துக்குள்ளேயே நின்றுவிட வேண்டியிருக்கிறது, அதனால் நசுங்குகிறது. ரப்பர்த் துண்டுகளுக்குள் புகுந்தால் ஆறேழு செ.மீ. போய் நிற்கிறது. பத்து மடங்கு தூரம் கிடைத்தால் அடியும் பத்தில் ஒரு பங்காகிறது, குண்டு முழுசாக நிற்கிறது.

இரண்டாவது பெட்டியின் ப்ளைவுட்டையே மறுபடி அறுத்தேன். உள் அளவு 30 செ.மீ. அகலம், 30 உயரம், 15 ஆழம். 17 செ.மீ. குறித்தாளைச் சுற்றி நாலு பக்கமும் ஆறரை செ.மீ. மிச்சம். மூலைகளுக்கு ஆணி வேண்டாம். 40 மி.மீ. ஸ்க்ரூ, அதுவும் முன்கூட்டியே 3 மி.மீ. துளை போட்டு. நான் முதல் மூலையில் துளை போடாமல் முறுக்கி ப்ளைவுட்டைப் பிளந்தேன். பழைய இரும்புத் தகடு பின் சுவராக உள்ளே உட்கார்ந்தது. மேல் பலகை மட்டும் கீல் வைத்த மூடி. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முன் முகத்துக்கு லாரி டியூபை வெட்டி விரித்த ரப்பர். இழுத்து ஆணியடிக்காமல் சற்றே தளர்வாக, சட்டம் வைத்துப் பிடித்தேன். இறுக்கினால் ஓட்டை வாய் திறந்தபடி நிற்கிறது, தளர்வாக இருந்தால் குண்டு போன பின் மூடிக்கொள்கிறது. அதற்கு முன்னால் நெளி அட்டை, அட்டையின் மேல் குறித்தாள். அட்டை இல்லாமல் தாளை நேரே ரப்பரில் வைத்துச் சுட்டால் ஓட்டை கிழிசலாக வருகிறது, எண் பார்க்க முடியாது.

நிரப்புவதில் இரண்டு முறை தோற்றேன். முதலில் செயற்கைப் புல்தரையில் தூவுகிற ரப்பர் குருணை. இரண்டு மூன்று மி.மீ. அளவு, மூட்டையாகக் கிடைத்தது, வெட்டுகிற வேலை மிச்சம் என்று நினைத்தேன். ஐம்பதாவது குண்டுக்கு மேல் முகப்பின் நடுவிலிருந்து மணற்கடிகாரம் மாதிரி கொட்ட ஆரம்பித்தது. அடுத்து, ஒரு மெக்கானிக்கிடம் கார் டயர்த் துண்டுகள் வாங்கினேன். உள்ளே எஃகுக் கம்பி. குண்டு கம்பியில் பட்டால் எந்தத் திசையில் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. சுடாமலே திருப்பிக் கொடுத்தேன்.

கடைசியில் சைக்கிள் டயர், பழைய டியூப், தேய்ந்த ரப்பர் செருப்பு. சைக்கிள் டயரின் ஓரத்திலும் கம்பி உண்டு, அதை முதலில் அறுத்து எறிந்துவிட வேண்டும். தகரம் வெட்டும் கத்தரிக்கோலால் ஒன்றரை செ.மீ. துண்டுகளாக வெட்டினேன். நல்ல கத்திக்கு ரப்பர் மசியாது, கத்தரிக்கோல்தான். இரண்டு ஞாயிற்றுக்கிழமை, கட்டைவிரலில் ஒரு கொப்புளம், பதிமூன்று லிட்டர் கொள்ளளவுக்கு ஆறரை கிலோ ரப்பர். இந்தப் பெட்டிக்குப் புதிதாகச் செலவானது கீல், ஸ்க்ரூ, டியூப், விளக்கு எல்லாம் சேர்த்து மூன்று டப்பா. வெட்டுகிற கூலியைச் சேர்த்தால் கணக்கே வேறு.

மையம் தரையிலிருந்து 1.40 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது போட்டி விதி. ஸ்டாண்டை அளந்து செய்துவிட்டு, பெட்டியின் அடிப்பலகைக் கனத்தை மறந்தேன். 18 மி.மீ. ஏறிவிட்டது. விதியில் 5 செ.மீ. வரை ஏறியிறங்க இடம் இருப்பதால் அப்படியே விட்டேன். பெட்டிக்குப் பின்னால் 1.2 மீட்டர் சதுர ப்ளைவுட், அதன் மேல் பழைய போர்வை இரண்டு மடிப்பாகத் தளர்வாகத் தொங்குகிறது. பெட்டியையே தவறவிடுகிற குண்டுக்காக. அப்படி நடக்காது என்று சொல்கிறவர்கள் விசையில் விரலை வைத்தபடி தும்மியதில்லை. நடுவில் நடைக்குத் திறக்கிற ஒரு கதவு இருக்கிறது. அதற்கு என் பக்கமிருந்து தாழ் போட்டால்தான் துப்பாக்கி உறையிலிருந்து வெளியே வரும், இதில் விலக்கே கிடையாது.

விளக்கு: குறித்தாளின் மேல் குறைந்தது 1500 லக்ஸ் வேண்டும். எல்இடி பட்டையை மேலே மாட்டி, என் கண்ணுக்குத் தெரியாமல் முன்னால் ஒரு மரச்சட்டம். ஃபோன் செயலியில் அளந்தபோது 1700 காட்டியது. அதை முழுசாக நம்ப முடியாது என்றாலும், பழைய பல்பில் 400 காட்டிய அதே செயலிதான். துப்பாக்கியின் முன் குறியின் விளிம்பு முதல் தடவையாகக் கத்தியால் வெட்டிய மாதிரித் தெரிந்தது. இத்தனை நாள் கண்ணில் கோளாறு என்று நினைத்திருந்தேன்.

1000 குண்டு ஆனதும் பெட்டியைத் திறந்து ஈயத்தைப் பிரிக்க உட்கார்ந்தேன். ரப்பர் மிதக்கும், ஈயம் மூழ்கும், வாளித் தண்ணீர் போதும் என்று கணக்கு. எல்லாவற்றையும் கொட்டினேன், எல்லாமே மூழ்கின. டயர் ரப்பர் தண்ணீரை விடக் கனம் என்பது அன்றுதான் தெரிந்தது. விடுவேனா? கரையாமல் அடியில் தங்கும் வரைக்கும் உப்பைக் கொட்டிக் கலக்கினேன். மெல்ல ஒவ்வொன்றாக மேலே வந்தன! ஐந்து நிமிடம் விஞ்ஞானி ஆகிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது: ஈயம் கழுவிய ஒரு வாளி உப்புத் தண்ணீரைச் செடிக்கும் ஊற்ற முடியாது, சாக்கடையிலும் விட முடியாது. வாய் திறந்த கேனில் வெயிலில் வற்ற வைத்து, அடியில் தங்கிய உப்பைப் பழைய பேட்டரிகளோடு அபாயக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்தேன்.

சரியான வழி சல்லடை. 8 மி.மீ. கண். குண்டுகள் விழுந்துவிடும், ஒன்றரை செ.மீ. துண்டுகள் மேலே தங்கிவிடும். துண்டுகளை அந்த அளவுக்கு வெட்டியது வேறு காரணத்துக்காக, ஆனால் இங்கே கைகொடுத்தது. வெளியில் வைத்து, லேசாகத் தண்ணீர் தெளித்து, முகக்கவசம் போட்டு அரிக்கிறேன். எடை பார்த்தேன்: 450 கிராமில் 441 திரும்ப வந்தது. மீதி ஒன்பதில் ஒரு பகுதி துண்டுகளில் செருகிக்கொண்டு கண்ணுக்கே தெரிகிறது. குண்டுகள் பெரும்பாலும் தலை சற்றே வீங்கியபடி முழுசாக இருந்தன. சிலவற்றை மறுபடி சுடலாம் போல. சுடக் கூடாது, குழலைக் கெடுத்துவிடும். தரையைத் துடைத்த துணி வெள்ளையாகவே வந்தது என்று சொல்ல ஆசைதான், லேசான சாம்பல் இருந்தது. துப்பாக்கி வாயிலிருந்தும் கொஞ்சம் வருமே.

இப்போது மூடியின் விஷயம். நானூறு குண்டு வாக்கில் துண்டுகள் அமுங்கி, மேலே மூன்று விரல் அளவு வெற்றிடம் விழுந்துவிடுகிறது. நடுவிலும் குண்டு போய்ப் போய் ஒரு பொந்து உண்டாகிறது. வாரம் ஒரு தடவை மூடியைத் திறந்து, ஒரு மரக்குச்சியால் கிளறிவிட்டு, ஒரு கை அளவு துண்டு சேர்க்க வேண்டும். அடுத்த முறை கட்டினால் ஆழத்தை 15க்குப் பதில் 20 வைப்பேன், முகப்பு ரப்பரை ஸ்க்ரூ இல்லாமல் கிளிப்பில் மாட்டுவேன். அதை மாற்ற இப்போது பன்னிரண்டு ஸ்க்ரூ கழற்ற வேண்டியிருக்கிறது.

பின்னால் இருக்கும் தகட்டை எடுத்துவிடலாமா என்று இடையில் யோசித்தேன், இரண்டு கிலோ குறையும். நல்லவேளை எடுக்கவில்லை. நிரப்பு மெலிந்து ஒரு குண்டு பின்சுவர் வரை போனால், தகடு சன்னமாக 'டிங்' என்கிறது. நேற்று 43ஆவது குண்டுக்கு அந்த மணி அடித்தது. விசையிலிருந்து விரலை எடுத்து, துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுப் போய், மூடியைத் திறந்து, அப்பாவின் பழைய செருப்பில் மிச்சமிருந்த பாதியை வெட்டிப் போட்டுவிட்டு வந்து 44ஐச் சுட்டேன். எட்டு.